மாலைத் தேர்வில் முழு மதிப்பெண், சரி. வேனின் கடைசி சீட்டில்?

கேள்வி: என் மகள் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். பாலியல் வன்முறைத் தடுப்புப் பயிற்சி தருவதாக ஓர் அறக்கட்டளை வந்திருக்கிறது. ஒரு நாள் நிகழ்ச்சி, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்துப் பலனை நிரூபித்திருக்கிறோம் என்கிறார்கள். பெற்றோர் சங்கத்தில் என்னிடம் கருத்துக் கேட்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்தத் தேர்வை வைத்து நம்ப முடியாதுங்க. காலையில் சொன்னதைப் பிள்ளைகள் மாலையில் திருப்பி எழுதுகிறார்கள், அவ்வளவுதான். 'சம்மதம் இல்லாமல் தொடலாமா?' என்று கேட்டால் எந்தப் பையன் 'தொடலாம்' என்று டிக் அடிப்பான்? ஆறு மாதம் கழித்து அவன் வேனில் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்து ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 140 மதிப்பீடுகளை அலசி 2014இல் முடிவு சொன்னார்கள். ஒரே அமர்வில் முடிகிற வகுப்புகள் வன்முறையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. தேறியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்றான 'ஷிஃப்டிங் பவுண்டரீஸ்' திட்டத்தை நியூயார்க்கில் 30 பள்ளிகளில், 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். சில பள்ளிகளில் வகுப்பு மட்டும், சிலவற்றில் பள்ளி வளாகத்தில் மட்டும் மாற்றம், சிலவற்றில் இரண்டும், மீதியில் எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வகுப்பு மட்டும் நடந்த இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; வளாகத்தில் கைவைத்த இடங்களில் குறைந்திருந்தது.

வளாகத்தில் என்ன செய்தார்கள்? ஒரு வேலை, பிள்ளைகளையே பள்ளி வரைபடத்தில் பயமான இடங்களைக் குறிக்கச் சொன்னது. அந்த இடங்களில் பெரியவர்களின் கண்காணிப்பைக் கூட்டினார்கள். நானும் பவானி பக்கம் ஒரு பள்ளியில் செய்துபார்த்தேன். கழிப்பறைப் பின்பக்கம்தான் வரும் என்று நிர்வாகம் நினைத்தது. பிள்ளைகளின் சிவப்புப் பென்சில் குறி விழுந்ததோ, மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேப் படிக்கட்டிலும் வேனின் கடைசி சீட்டிலும். இதற்கு ஒரு பெட்டி கலர் பென்சில்தான் செலவு.

இப்போது முகாம் வியாபாரத்துக்கு வருகிறேன். 2019இல் பொள்ளாச்சி விவகாரம் வெளிவந்த பிறகு இங்கே பெற்றோருக்கு வந்த பயம் நியாயமானது. அந்தப் பயத்தைக் காசாக்குகிறவர்களும் வருகிறார்கள். பேனர், சான்றிதழ், குரூப் போட்டோ, கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளின் பெயர், போன் நம்பரோடு கூகுள் ஃபார்ம் நிரப்பச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். சர்வே பெயரில்லாமல் இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் அதை வாங்கக்கூடாது. இப்படி நிகழ்ச்சி நடத்தச் சொல்கிற மேலிடமும் லேசுப்பட்டதில்லை: போட்டோ அனுப்பு, வருகைப் பதிவு அனுப்பு என்பார்கள். பலன் இருந்ததா என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. இன்னொரு பள்ளியில் புகார்ப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில், சிசிடிவிக்கு நேர் கீழே மாட்டியிருந்தார்கள். எந்தப் பிள்ளை போய்ச் சீட்டுப் போடும்?

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நல்ல திட்டம் நடந்தால் முதல் வருடம் புகார் கூடலாம். தாளாளர் பதறி, 'இவங்க வந்துதான் கெட்டுப்போச்சு' என்று திட்டத்தையே நிறுத்துவார். முன்பு வாய்மூடி இருந்த பிள்ளைகள் இப்போது பேசுகிறார்கள் என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். ஆகவே புகார் எண்ணிக்கையை மட்டும் எண்ணாதீர்கள். பெயரில்லாத சர்வேயில் 'இந்தப் பருவத்தில் உனக்கு இப்படி நடந்ததா' என்று தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் கேளுங்கள். புகார் கூடி, சர்வேயில் நடந்தது குறைந்தால் திட்டம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே கூடினால் யோசிக்க வேண்டியதுதான். புகார் குறைந்துவிட்டது, சர்வேயே எடுக்கவில்லை என்றால் யாரோ மூடி மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். பயிற்சி நடக்காத பக்கத்துப் பள்ளியிலும் இதே சர்வே எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

புகார் வந்தால் 'பள்ளிக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைக்கிற நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம்.

அறக்கட்டளைக்காரர் அடுத்த முறை வரும்போது, 'ஆறு மாதம் கழித்து யார் வந்து அளப்பீர்கள், எந்தப் பள்ளியோடு ஒப்பிடுவீர்கள்?' என்று கேளுங்கள். பதிலுக்கு ஆல்பத்தைத் திறந்தால், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.