வாசகர் கேள்விகள்: அன்பான கடவுளுக்கு இரத்தம் எதற்கு?

கேள்வி: திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணிப் பார்த்தால் 46 நாட்கள் வருகின்றன. நாமோ உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்வரும் இந்த நோன்புக் காலத்தை, அதாவது தவக்காலத்தை, நாற்பது நாள் என்கிறோம். மீதி ஆறு நாட்கள் எங்கே போயின?

பதில்: அந்த ஆறும் ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளின் நினைவு என்பதால், மேலைத் திருச்சபையில் ஞாயிறுகள் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. கீழைத் திருச்சபைகளில் பல, தவக்காலத்தைத் திங்கட்கிழமையன்று தொடங்கி, ஞாயிறுகளையும் சேர்த்து வேறு விதமாக நாற்பதை எண்ணுகின்றன. 325இல் நைசியாவில் கூடிய ஆயர்களின் சங்கம் வகுத்த ஐந்தாம் விதியிலேயே நாற்பது நாள் காலம் ஒன்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே எண் பழையது, எண்ணும் முறைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

கேள்வி: கடவுள் அன்பானவர் என்றால், நம்மை மன்னிப்பதற்குத் தம் ஒரே மகனின் இரத்தம் அவருக்கு ஏன் தேவைப்பட்டது? "மன்னித்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? கல்லூரியில் படிக்கும் என் மகன் இப்படிக் கேட்கிறான். ஆலயத்தில் கேட்டால், இப்படியெல்லாம் கேட்பதே நம்பிக்கைக் குறைவு என்கிறார்கள்.

பதில்: உங்கள் மகனுடைய கேள்வி நம்பிக்கைக் குறைவு என்றால், நான்காம் நூற்றாண்டின் தலைசிறந்த இறையியலாளர்களில் ஒருவரான நசியான்சு கிரகோரியாரும் நம்பிக்கை குறைந்தவராகத்தான் இருக்க வேண்டும். இயேசுவின் இரத்தம் யாருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது என்று அவர் தம் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) மறையுரை ஒன்றில் வெளிப்படையாகவே கேட்டார். அலகைக்கு, அதாவது சாத்தானுக்கு, கொடுக்கப்பட்டது என்றால் அது வெட்கக்கேடு. தந்தைக்குக் கொடுக்கப்பட்டது என்றால், ஆபிரகாம் பலியிடவந்த ஈசாக்கையே ஏற்காதவர் தம் சொந்த மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்பது அவருடைய வாதம். ஆகவே பையனைத் தடுக்காதீர்கள், கேட்கட்டும்.

கடவுள் கோபத்தோடு இருந்தார், இயேசு குறுக்கே வந்து அடியை வாங்கிக்கொண்டார், அதன் பிறகே கடவுளின் மனம் இளகியது என்ற சித்திரம் நம் மறையுரைகளிலும் பிரசங்கங்களிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதோடு சேர்த்துச் சொல்லப்படும் ரயில் பாலக் கதையைக் கேட்காதவர் குறைவு: பாலத்தை இயக்கும் தந்தை, ரயிலில் வரும் நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்ற, இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட தம் சிறு மகனை நசுங்கவிட்டுப் பாலத்தை மூடுகிறார். கேட்பவர் கண்களில் நீர் வரும் என்பது உண்மைதான், ஆனால் இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரியைப் பற்றி அந்தக் கதை ஏறக்குறைய எல்லாவற்றையும் தவறாகவே சொல்கிறது. கதையில் வரும் சிறுவனுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. இயேசுவோ, தம் உயிரைத் தம்மிடமிருந்து யாரும் பறித்துக்கொள்வதில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாக யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் தெளிவாகச் சொல்கிறார். கதையில் கொல்லும் கை தந்தையின் கை. நற்செய்திகளில் அது அச்சமும் அதிகாரமும் கலந்த மனிதர்களின் கை. பவுலடியாரோ, கடவுள் கிறிஸ்துவில் இருந்து உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்றுதான் எழுதுகிறார். அடிப்பவர் ஒருவர், அடி வாங்குபவர் இன்னொருவர் என்ற பிரிவே அங்கே இல்லை.

பழைய ஏற்பாட்டுப் பலிகளையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். லேவியர் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் பாவம் போக்கும் பலியின் விதிகள் வருகின்றன. ஆடு கொண்டுவர வசதியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவர் எண்ணெயும் சாம்பிராணியும் சேர்க்காத கொஞ்சம் மாவைக் கொண்டுவந்தால் போதும், அவருடைய பாவமும் மன்னிக்கப்படும் என்கிறது அந்தச் சட்டம். ஒரு சொட்டு இரத்தமும் இல்லாமல், ஒரு கைப்பிடி மாவால்! கடவுளுக்கு இரத்தத்தின் மீது தாகம் இருந்திருந்தால் இந்தச் சலுகைக்கு இடமே இருந்திருக்காது. அதே நூலின் பதினேழாம் அதிகாரத்தில், பலிபீடத்தில் பாவக்கழுவாய் செய்ய இரத்தத்தை உங்களுக்குக் கொடுத்தவர் நானே என்று கடவுள் கூறுகிறார். அப்படியானால் பலி என்பது மனிதர் கடவுளுக்குக் கட்டும் அபராதம் அல்ல, திரும்பி வருவதற்குக் கடவுளே திறந்துவைத்த வழி.

ஆனாலும் ஒரு வார்த்தையில் மன்னித்திருக்கலாமே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில், பத்தாயிரம் தாலந்து என்ற மாபெரும் தொகை கடன்பட்ட பணியாளனை அரசர் மன்னித்து அனுப்புகிறார். சொன்னது ஒரே வார்த்தைதான், ஆனால் அந்தப் பத்தாயிரம் தாலந்தும் காற்றில் கரைந்துவிடவில்லை, இழப்பு முழுவதும் அரசரின் தலையில்தான் விழுகிறது. மனமார மன்னித்த எவருக்கும் இது தெரியும்: நமக்குத் துரோகம் செய்தவரை மன்னிக்கும்போது, அவர் சுமக்க வேண்டிய வலியை நாம் சுமக்கிறோம். சிலுவை கடவுளின் மன்னிப்பை விலைக்கு வாங்கவில்லை, அந்த மன்னிப்பு கடவுளுக்கு எவ்வளவு வலித்தது என்பதை நம் கண்முன் வைத்தது. நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்ததில் கடவுளின் அன்பு வெளிப்பட்டது என்று உரோமையர் திருமுகம் சொல்வதும் இதே வரிசையில்தான்: அன்பு முதலில், சிலுவை அதன் பின்னே.

இதை விளக்கச் சபையில் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1098 வாக்கில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர், பாவம் கடவுளின் மாட்சிக்கு இழைத்த குறையை ஈடுசெய்வது என்ற கோணத்தில் எழுதினார். அவருக்கு இளையவரான அபெலார்டு, குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமை அல்லவா என்று வினவி, நம்மில் அன்பைத் தூண்டுவதே சிலுவையின் வேலை என்றார். என் பார்வையில் அபெலார்டின் கேள்வி கூர்மையானது, அவருடைய விடை போதாதது; நம் மனத்தைத் தொடுவது மட்டுமே நோக்கம் என்றால் பாவத்தின் பிடியும் மரணத்தின் பிடியும் அப்படியே இருக்குமே. நைசியா விசுவாச அறிக்கையோ, "நமக்காக" அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது; எப்படி என்று விளக்கவில்லை. உங்கள் மகன் இந்த விளக்கங்களில் ஒன்றோடு உடன்படவில்லை என்பதால் விசுவாசத்தை இழந்துவிட்டதாக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: என் கணவர் என்னை அடிக்கிறார். சபைப் பெரியவர்களிடம் சொன்னபோது, "இது உன் சிலுவை, இந்த லெந்து (தவக்கால) நாட்களில் பொறுமையாய்ச் சும, ஆண்டவர் அவரை மாற்றுவார்" என்றார்கள். நான் சுமக்கத்தான் வேண்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வேண்டாம், சகோதரி. அந்தப் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னது தவறு.

சிலுவையைப் பற்றிய இயேசுவின் அழைப்பு, ஒருவர் தம்மைப் பின்பற்ற விரும்பினால் என்றுதான் தொடங்குகிறது. விரும்பி எடுப்பது சிலுவை. பிறர் நம் முதுகில் ஏற்றிவைப்பது வன்முறை. 1941இல் நாசிகளின் ஆவுஷ்விட்ஸ் வதைமுகாமில் பத்துப் பேரைப் பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுத்தபோது, அவர்களில் ஒருவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அவருக்குப் பதிலாக மாக்சிமிலியன் கோல்பே என்ற குரு தாமே முன்வந்து உயிர் கொடுத்தார். அதைத் தியாகம் என்கிறோம். அதே வரிசையில் நின்ற இன்னொருவர் கோல்பேயை முன்னே பிடித்துத் தள்ளியிருந்தால் அதற்கு நாம் வேறு பெயர் வைத்திருப்போம்.

இயேசுவும் எல்லா அடிகளையும் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை. நாசரேத்தில் அவரை மலை உச்சியிலிருந்து தள்ளிவிட முயன்றபோது விலகிப் போனார். கோவிலில் கல்லெறிய வந்தபோது மறைந்து வெளியேறினார். விசாரணையில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, "ஏன் என்னை அடிக்கிறாய்?" என்று கேட்டார். பவுலடியாரோ, தம்மைக் கொல்லக் காத்திருந்தவர்களிடமிருந்து தமஸ்குவின் மதில் வழியே கூடையில் இறங்கித் தப்பினார். தப்பிப்பது விசுவாசக் குறைவு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மன்னிப்பதும் அதே வீட்டுக்குத் திரும்பிப் போவதும் ஒன்றல்ல. கணவர் மனம் மாறிவிட்டதாகச் சொன்னால், இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிதண்டுவோன் சக்கேயுவை நினைத்துக்கொள்ளுங்கள்: அவன் அழுது காட்டவில்லை, பிறரிடம் ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகக் கணக்குச் சொன்னான். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். நம்பக்கூடிய ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். காவல்துறை, சட்ட உதவி ஆகியவற்றை நாடத் தயங்காதீர்கள். ஜெபம் இவற்றோடு சேர்ந்தே நடக்கட்டும்.

கேள்வி: எனக்கு 67 வயது, சர்க்கரை நோய். மருத்துவர் ஒரு வேளை உணவைக்கூடத் தவறவிடக் கூடாது என்கிறார். எல்லோரும் நோன்பிருக்க நான் மட்டும் சாப்பிடுவது உறுத்துகிறது.

பதில்: உறுத்தலுக்குக் காரணமே இல்லை, ஐயா. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை அறுபதாம் வயது தொடங்கும்போதே முடிந்துவிடுகிறது. நோயாளிகளுக்கு எந்த வயதிலும் அது கட்டாயமில்லை. சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் நோன்பு அவரவர் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட எர்மாவின் "மேய்ப்பர்" என்ற நூலில் ஒரு நடைமுறை இருக்கிறது: நோன்பு நாளில் சாப்பிடாமல் விட்ட உணவுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கைம்பெண்ணுக்கோ ஆதரவற்ற பிள்ளைக்கோ ஏழைக்கோ கொடுத்துவிட வேண்டும். இதில் பட்டினியை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். வேளை தவறாமல் சாப்பிடுங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் உங்கள் ஒரு வேளை உணவுக்கு ஆகும் பணத்தைத் தனியே எடுத்துவைத்து, தேவைப்படுபவர் ஒருவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். முடிந்தால் அவரோடு சற்று உட்கார்ந்து பேசிவிட்டும் வாருங்கள்.