வாசகர் கேள்வி பதில்: பேஸ்மென்ட் சுவரில் பூஞ்சணம்

கேள்வி: ஸ்காபரோவில் பழைய வீடொன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறோம். பேஸ்மென்டில் எந்நேரமும் ஈர மண்வாடை வீசுகிறது. வடக்குச் சுவரின் அடியில் படர்ந்திருந்த கரும்புள்ளிகளைப் பிளீச் தெளித்துத் துடைத்தோம். சில வாரங்களில் அதே இடத்தில் திரும்பவும் வந்துவிட்டன. காற்றோட்டம் இருக்கட்டும் என்று கோடை முழுவதும் யன்னல்களைத் திறந்தே வைத்திருக்கிறோம். காற்றைச் சோதிப்பவர்களை அழைக்க வேண்டுமா? எதைப் பூசினால் இது நிரந்தரமாகப் போகும்?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: முதலில் அந்த யன்னல்களைச் சாத்துங்கள். புழுக்கமாக இருந்தால் யன்னலைத் திறப்பது ஊரில் நமக்குப் பழகிப்போன வழிதான். ஆனால் நிலத்துக்குள் இறங்கியிருக்கும் அறைக்கு ஒன்ராறியோவின் கோடையில் அது கேடாகவே முடிகிறது. வெளியே 28 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதனும் உள்ள காற்று, ஏறத்தாழ 19 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகத் துளிர்க்கத் தொடங்கிவிடும். மண்ணை ஒட்டிய கொங்கிறீற்றுச் சுவரின் அடிப்பகுதியோ கோடையின் தொடக்கத்தில் 15, 16 பாகையில்கூட இருப்பதுண்டு. குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, நீங்கள் உள்ளே விட்ட காற்றே அச்சுவரில் நீராகப் படிகிறது.

இருப்பினும் உங்கள் சுவரின் ஈரம் காற்றிலிருந்துதான் வருகிறதா, மண்ணிலிருந்து கசிகிறதா என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம். சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளில் ஓர் அடிச் சதுரத்தை வெட்டி, வெறும் கொங்கிறீற்றின் மேல் வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி டேப் ஒட்டி இரண்டு நாட்கள் விட்டுவையுங்கள். தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றினுடையது. சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்புறம் நனைந்திருந்தால் அது மண்ணிலிருந்து ஊடுருவி வருவது. சுவரில் வெள்ளைத் தூளாகப் பூத்திருப்பதைப் பூஞ்சணம் என்று எண்ணிப் பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது கசிந்த நீர் கொண்டுவந்து விட்டுச்சென்ற உப்பே. நீர் தெளித்தால் கரைந்துவிடும். ஆனால் கசிவுக்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

காற்றின் ஈரமென்றால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்றை வைத்து, கோடையில் ஈரப்பதன் 50 வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; தொட்டியை நாளாந்தம் கவிழ்ப்பதற்குச் சலித்து இயந்திரத்தை நிறுத்திவிடுபவர்களே அதிகம் என்பதால், நீர் தானாகத் தரை வடிகாலுக்கு ஓடும்படி குழாயைப் பொருத்திவிடுவது நல்லது. கசிவு என்றால் வேலை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. மழை பெய்யும்போது குடையுடன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். கூரைப் பீலியின் நீர் அத்திவாரத்தின் காலடியிலேயே கொட்டினால், இறங்கு குழாயை ஆறடி தூரத்துக்காவது நீட்டுங்கள். மண் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால், முதல் பத்தடிக்குள் ஆறு அங்குலம் வெளிப்புறமாகத் தாழும்படி மண்ணை நிரப்புங்கள். இந்த இரண்டையும் செய்து பார்க்காமல், சுவரைத் தோண்டி நீர்க்காப்புப் போடுவதற்குப் பல்லாயிரம் டொலர் விலை சொல்பவரிடம் கையொப்பமிட வேண்டாம்.

காற்றுச் சோதனை பெரும்பாலும் வீண்செலவு. பூஞ்சணத்தின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று கனடிய சுகாதார அமைச்சு எந்த எல்லையையும் வகுக்கவில்லை. கறுப்போ பச்சையோ, செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். பணம் கொடுத்துச் செய்யத்தக்க சோதனை வேறொன்று இருக்கிறது: வீடு 1990க்கு முன் கட்டப்பட்டதாயின், கொங்கிறீற்றை மூடியிருக்கும் ட்ரைவோலை (காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகையை) வெட்டுவதற்கு முன்னர் அதில் நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்ரஸ் நார் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வெட்டத்தான் வேண்டியிருக்கும். ட்ரைவோலின் இருபுறமும் ஒட்டியிருக்கும் காகிதம் பூஞ்சணத்துக்கு உணவு. அது காகிதத்துக்குள் வேரோடிய பின் மேலே தெளித்த பிளீச் அடிவரை சென்று சேராது, பிளீச்சில் உள்ள நீரோ ஈரத்தைக் கூட்டும். இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமையைக் கிளப்பவல்லது என்பதால் அதைக் கொல்வதால் பயனில்லை, அகற்றவே வேண்டும். படர்ந்த இடம் ஒரு சதுர மீற்றருக்குள் இருந்தால், வீட்டில் ஆஸ்த்மா உள்ளவர்கள் எவரும் இல்லாத பட்சத்தில், என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை அணிந்து நீங்களே செய்யலாம். வெப்பமூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கறை தெரியும் இடத்துக்கு அப்பாலும் சேர்த்து வெட்டிப் பையில் கட்டுங்கள். கொங்கிறீற்றைச் சவர்க்கார நீரால் தேய்த்து, நன்றாக உலர்ந்த பின்னரே மூடுங்கள். காப்பெற்றும் அதன் அடிமெத்தையும் நனைந்திருந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். 2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை கொட்டியதுபோல் இன்னொரு நாள் வருமானால், நனைந்தவற்றை உலர்த்த உங்களுக்குக் கிடைப்பது 24 முதல் 48 மணித்தியாலங்கள் மட்டுமே.

கேள்வி: பிரம்ரனில் பேஸ்மென்ட் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். பூஞ்சணத்தைக் காட்டினால், நீங்கள் சமைப்பதால்தான் வருகிறது என்கிறார் வீட்டுக்காரர். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், பிரம்ரன்

பதில்: சோறு கொதிக்கும் ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியும் ஈரத்தைக் கூட்டுவது உண்மை; மூடி போட்டுச் சமையுங்கள், குளித்து முடித்த பின்னும் விசிறியைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஆனால் ஆவியை வெளியேற்றும் விசிறியே இல்லாத இடத்தைச் சமையலறையாக வாடகைக்கு விட்டவர், பழியைப் பானையின் மேல் போட முடியாது. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைத் திருத்திப் பேணுவது உரிமையாளரின் கடமை; வாய்மொழி உடன்பாட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் சமையலறையையோ குளியலறையையோ உரிமையாளருடன் பகிர்ந்துகொள்பவர்களுக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. திகதியிட்ட படங்களுடன் அவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அசையவில்லையென்றால் நகரசபையின் சேவை எண்ணான 311ஐ அழைத்து நகரசபைப் பரிசோதகரை வரவழையுங்கள். அதன் பின்னும் பயனில்லையெனில் உரிமையாளர் வாடகையாளர் தீர்ப்பாயத்தில் பராமரிப்புக் குறைகளுக்காக வாடகையாளர் விண்ணப்பிக்கும் டி6 படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்களை வெளியேற்றும்படி விண்ணப்பிக்க அவருக்கு அது போதும்.