களம் கேட்கலாம்: பெர்லினிலிருந்து ஆர்லாண்டோவுக்கு

ஜெர்மன் கூடைப்பந்து வீரர் ஃபிரான்ஸ் வாக்னர் சொந்த ஊர் கிளப்பான ஆல்பா பெர்லின் தந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்குப் போனார். சம்பளத்தை விட்டுப் படிக்கப் போனது சரியான முடிவுதானா?
– எஸ்.ஆர்., கோவை

கணக்குப் போட்டுப் பார்த்தால் சரிதான். அது 2019. அவருக்கு 18 வயது ஆகும் நேரம். அடுத்த சீசனில் ஆல்பா ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியான யூரோலீக்கில் ஆடப்போகிறது. அதில் மட்டும் 34 சுற்றுகள், அதற்கு மேல் ஜெர்மன் லீக். வாரத்தில் பாதி நாள் விமானத்தில் கழியும். வென்றே ஆக வேண்டிய கோச், 18 வயதுப் பையனிடம் கடைசி ஐந்து நிமிடத்தில் பந்தைக் கொடுக்க மாட்டார். மிச்சிகனில் ஆட்டங்கள் குறைவு, இடையில் பயிற்சிக்கு நாள் உண்டு, தொடக்க ஐவரில் இடமும் கிடைத்தது. அண்ணன் மோரிட்ஸ் அதே அணியில் ஆடி 2018-இல் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. போனவர் என்பதால் வழி புதிதும் அல்ல. முதல் ஆண்டு சராசரி 11.6 புள்ளி, இரண்டாம் ஆண்டு 12.5. 2021 டிராஃப்ட்டில் (என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எட்டாவதாக ஆர்லாண்டோ மேஜிக் எடுத்துக்கொண்டது.

பலரும் கவனிக்காத ஒன்று: மிச்சிகனில் அவர் ஆடியது பாதி ஐரோப்பிய ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் த்ரீ பாயிண்ட் கோட்டை (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) சர்வதேச அளவான 6.75 மீட்டருக்குத் தள்ளியது சரியாக அந்த 2019-20 சீசனில்தான். வளையத்தின் கீழ் தடுப்பாளர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதும் பெர்லினில் இருந்தது போலவே. மாறியவை, 24 வினாடிக்குப் பதில் 30 வினாடி ஷாட் கிளாக் (அதற்குள் ஷாட் போட்டாக வேண்டும்), பத்து நிமிடக் கால்பகுதிகளுக்குப் பதில் 20 நிமிடப் பாதிகள் போன்றவை. உண்மையான அமெரிக்க விதிகளை அவர் சந்தித்தது ஆர்லாண்டோவில்தான்.

சம்பளக் கேள்வியும் இப்போது மாறிவிட்டது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் விளம்பர வருமானம் பெறலாம். 2025 முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். ஐரோப்பிய கிளப்புகளின் இளைஞர் அணிகளிலிருந்து பையன்கள் அந்தப் பக்கம் போவது அதிகரித்ததற்கு இதுவே காரணம்.

என்.பி.ஏ.வில் அவருடைய த்ரீ பாயிண்ட் ஏன் இறங்கியது? கோடு தூரம் என்பதாலா?
– கே. எம்., மதுரை

கோட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. அதே கோட்டிலிருந்துதான் 2022-23-இல் 36.1 விழுக்காடு போட்டார். மறு ஆண்டு 28.1, அதற்கடுத்து 29.5. அதே காலத்தில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) 85 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஆக, கைப்பக்குவம் கெடவில்லை. புள்ளிச் சராசரி 18.6-இலிருந்து 24.2-க்கு ஏறிய காலமும் இதுதான். பந்து வருவதற்காகக் காத்து நின்று போடும் ஷாட் குறைந்து, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு (டிரிபிள்) வந்து நின்று போடும் ஷாட் கூடினால் விழுக்காடு இறங்கத்தான் செய்யும் என்பது நம் கணிப்பு.

ஆனாலும் அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் சர்வதேசக் கோடு 6.75 மீட்டர், என்.பி.ஏ. 7.24. அரை மீட்டர் வித்தியாசம். மூலையில் 6.60-க்கு 6.70, வெறும் பத்து சென்டிமீட்டர். எனவே ஐரோப்பாவில் மூலையிலிருந்து போடப் பழகியவன் அங்கே போனதும் அப்படியே போடுவான். நடுவில் போடுபவன் திணறுவான். மூலையில் வேறொரு சிக்கல் உண்டு. இரண்டு களங்களிலும் கோட்டுக்கும் பக்கவாட்டு எல்லைக்கும் நடுவே சுமார் 90 சென்டிமீட்டர்தான். 2.08 மீட்டர் உயர ஆள் கால்களை அகட்டிப் பந்து வாங்கினால் குதிகால் எல்லையில் படும், விசில் ஊதிவிடுவார்கள். பாஸ் வரும்போதே இரு பாதமும் வளையத்தைப் பார்த்து, தோள் அகலத்துக்குள் இருக்க வேண்டும்.

தூரம் கூட்டும்போது பையன்கள் செய்யும் தவறு, தோளிலிருந்து தள்ளுவது. பந்து தட்டையாகப் பறந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதும். 4.5 மீட்டரில் தொடங்கி, பத்துக்கு ஏழு விழுந்தால் மட்டும் அரை மீட்டர் பின்னால் போங்கள். பத்தில் மூன்று முன்விளிம்பில் பட்டால் கால் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம்; அன்றைக்கு ஒரு படி முன்னால் வந்து முடித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் விலகும் தவறு வேறு ரகம், அது முழங்கையைப் பார்த்துத் திருத்த வேண்டியது.

ஐரோப்பிய ஃபார்வர்டுகள் (முன்கள ஆட்டக்காரர்கள்) உள்ளே புகுந்து ஆடுவதில் கெட்டி என்கிறார்களே?
– ஜெ., நாகர்கோவில்

அங்கே வேறு வழி இல்லை. என்.பி.ஏ.வில் தடுப்பாளர் யாரையும் கை எட்டும் தூரத்தில் காக்காமல், வளையத்தின் முன்னுள்ள செவ்வகத்தில் மூன்று வினாடிக்கு மேல் நின்றால் ஒரு ஃப்ரீ த்ரோ போகும், பந்தும் எதிரணியிடமே இருக்கும். சர்வதேச ஆட்டத்தில் அந்த விதி கிடையாது. நெட்டையான ஆள் வளையத்தடியிலேயே நிற்பான். ஆகவே, புகுபவன் முதல் அடி வைக்கும்போதே மூலையில் யார் காலியாக இருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் நெட்டையனின் நெஞ்சில் போய் முட்டுவான். இந்தப் பழக்கத்தோடு என்.பி.ஏ. போகிறவனுக்கு நடுவில் இடம் திறந்தே கிடக்கும். வாக்னரின் நீள அடி அங்கே பலிப்பதற்கு இது பெரிய காரணம்.

மறுதிசையில், என்.பி.ஏ.விலிருந்து சர்வதேச ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். 2023 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனி 113-111 என்று அமெரிக்காவை வீழ்த்தியது, வாக்னர் 22 புள்ளி. இரண்டு விதிகளும் பழகிய ஆளுக்கு அது உள்ளூர் ஆட்டம் மாதிரி.

எங்கள் பள்ளிப் பையன்கள் என்.பி.ஏ. காணொளி பார்த்து ஆடுகிறார்கள். டிராவலிங் (பந்தோடு விதியை மீறி அடி வைப்பது) விசில் ஓயவில்லை. என்ன செய்வது?
– ஒரு விளையாட்டு ஆசிரியர், திண்டுக்கல்

தவறு பெரும்பாலும் முடிவில் அல்ல, தொடக்கத்தில். ஓட்டத்தில் பந்தைச் சேகரிக்கும் அடியை 2017 முதல் சர்வதேச விதியும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகு இரண்டு அடி உண்டு. நின்ற நிலையில் புறப்படும்போதுதான் கண்டிப்பு: பந்து கையை விட்டுப் போன பிறகே நிலைக்கால் (ஊன்றி நிற்கும் கால்) எழ வேண்டும். என்.பி.ஏ. நடுவர்கள் இதில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

பையனை நிற்க வைத்து, முதல் டிரிபிளை முன்காலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். நிலைக்காலின் குதிகால் மட்டும் எழலாம், பெருவிரல் தரையில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது, மெதுவாக. எதிரே ஆள் நிறுத்துவது அதற்கு அப்புறம்.

வளையத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பந்தைத் தட்டலாமா?
– வி., ஈரோடு

ஷாட் வளையத்தைத் தொட்டுவிட்டால் சர்வதேச ஆட்டத்தில் தட்டலாம், இரு அணிக்கும் பொருந்தும். வலைக்குள் கைவிட்டுக் கீழிருந்து தட்டக்கூடாது. என்.பி.ஏ.விலும் அமெரிக்கக் கல்லூரியிலும் பந்து வளையத்தை விட்டு விலகும்வரை கை வைக்க முடியாது.