கறவை ஆள் மாறியதும் பசு பாலை அடக்குவது ஏன்?

கேள்வி: மாதவரத்தில் நான்கு கலப்பின ஜெர்சி மாடுகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் கறவைக்கு வரும் ஆள் மாறினார். அதிலிருந்து ஒரு பசு உதைக்கிறது, பாலை அடக்கிக்கொள்கிறது. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் அவர். கல்லூரியில் படிக்கும் என் மகள், மாட்டின் குணத்தைப் பற்றி இணையத்தில் இலவசப் பாடம் இருக்கிறது, படித்துப் பாரு என்கிறாள். பத்தாவது வரை படித்த எனக்கு அது உதவுமா?

பதில்: உதவும் அம்மா. அதற்கு முன் ஒன்று, அந்த ஊசி வேண்டவே வேண்டாம். பால் இறங்குவதற்காகக் கறவை மாட்டுக்குக் கெடுதல் தரும் ஊசி போடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, பசு ஏன் உதைக்கிறது என்ற கேள்வியையே ஊசி மூடிவிடும்.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் தட்டில் பிடியுங்கள். திரிதிரியாகவோ நீர்த்தோ வந்தால் மடிநோய். காம்பில் வெடிப்பு, புண் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். வலியில் உதைக்கிற மாட்டுக்கு எவ்வளவு அன்பாக நடந்தாலும் போதாது, மருத்துவர்தான் வேண்டும்.

வலி இல்லை என்றால், பயம். மடியைத் தடவியதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து பாலை இறக்குகிறது. அதன் வேகம் சில நிமிடங்களுக்குத்தான். மாடு மிரண்டால் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறி அந்த வேலையைத் தடுத்துவிடும். நாம் 'அடக்குகிறது' என்கிறோம், அது பிடிவாதம் இல்லை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்பு மாட்டை முரட்டுத்தனமாக நடத்திய ஆள் கறவை நேரத்தில் பக்கத்தில் வெறுமனே நின்றாலே, கறந்து முடித்த பிறகு மடியில் தங்கிய பால் சுமார் 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. அடிக்கவில்லை, தொடவும் இல்லை, நின்றார், அவ்வளவுதான். மாடு ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும். உங்கள் பசுவுக்கும் புது ஆளுக்கும் நடுவில் முதல் வாரத்தில் என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். எடின்பரோ பல்கலைக்கழகம் விலங்குகளின் நடத்தை, நலன் பற்றி ஐந்து வாரப் பாடம் ஒன்றைக் கோர்ஸெரா தளத்தில் வைத்திருக்கிறது. உங்கள் மகள் சொல்வது அதுவாக இருக்கலாம். எவ்வளவு தூரம் இலவசம் என்பதைச் சேரும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள், சான்றிதழுக்குத் தனியாகப் பணம். நம் நாட்டு ஸ்வயம் தளத்திலும் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். எடின்பரோ பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னால் போதும். அவளுக்கு ஆங்கிலம் தெரியும், உங்களுக்கு மாடு தெரியும். நாய், பூனைப் பகுதிகளை விட்டுவிட்டுப் பண்ணை விலங்குகள் பகுதிக்கே நேராகப் போனாலும் தவறில்லை.

அதில் 'ஐந்து சுதந்திரங்கள்' என்று ஒன்று வரும், பசி, வலி, பயம் போன்றவை இல்லாமல் விலங்கு வாழ வேண்டும் என்பதன் பட்டியல் அது. அதன் வேர், பிரிட்டனில் 1965இல் ஒரு குழு கொடுத்த அறிக்கை. பண்ணை விலங்கு எழுந்திருக்க, படுக்க, திரும்ப, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள, கால் நீட்ட இடம் வேண்டும் என்றது அது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நகரத்துக் கொட்டகைகளில் இதுதான் கிடைப்பதில்லை. மாடு எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும், அதற்குத் தலையை முன்னால் வீச வேண்டும். முகத்துக்கு நேரே சுவர், கழுத்தில் குட்டைக் கயிறு, கீழே வெறும் சிமென்ட் என்றால் எழுவது தண்டனை. அதனால் படுப்பதையே குறைத்துக்கொள்ளும். நல்ல கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க வேண்டும். படுத்திருக்கும்போதுதான் மடிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, அசைபோடுவதும் நன்றாக நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பாடங்களில் காட்டுவது குளிர் நாட்டுக் கொட்டகைகளை. நம் மே மாதப் புழுக்கத்தில் மாடு சூடு தணியவே நின்றுகொண்டிருக்கும். அதனால் படுக்கவில்லை என்றதும் தரையைக் குறை சொல்லாதீர்கள், விலா ஏறி இறங்குவதையும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் வெப்பம்தான் காரணம். நிழல், காற்று, எந்நேரமும் தொட்டியில் தண்ணீர், இவைதான் அப்போது மருந்து.

பாடத்தோடு ஒரு நோட்டும் வாங்குங்கள். தீனி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, நான்கில் எத்தனை படுத்திருக்கின்றன, எத்தனை அசைபோடுகின்றன என்று எழுதுங்கள். கறவையின்போது எத்தனை உதை, எத்தனை லிட்டர் என்பதும் வேண்டும். அப்புறம், பத்து நாளைக்குப் புது ஆள் கறவை இல்லாத நேரத்தில் வந்து கையால் புண்ணாக்கு கொடுக்கட்டும், சத்தம் போடாமல், தோள்பட்டைப் பக்கமாக வந்து. நேர் பின்னால் இருப்பது மாட்டின் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பத்து நாளும் முடிந்தால் நீங்களே கறங்கள், அல்லது அவர் கறக்கும்போது பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுங்கள். அப்படியும் உதை குறையவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் காட்டுங்கள். அவர் முதலில் கேட்கப்போவதெல்லாம் அதில் இருக்கும்.