அமராவதிக் கணினியும் தேசிய குவாண்டம் திட்டமும்

கேள்வி: அமராவதியில் ஐபிஎம் குவாண்டம் கணினி வரப்போகிறது என்கிறார்கள். மத்திய அரசின் தேசிய குவாண்டம் திட்டம் என்பது இதுதானா? அதன் நிதி யாருக்குப் போகிறது? எல்லையோரக் கல்லூரிகளுக்கு அதில் இடமுண்டா?
- கல்லூரி ஆசிரியர் ஒருவர், சித்தூர்

பதில்: இரண்டும் வேறு வேறு. அமராவதியில் 156 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) இயந்திரத்தை நிறுவுவதாக 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ஏற்பாடு, ஐபிஎம், டிசிஎஸ், எல் அண்ட் டி ஆகியவற்றோடு ஆந்திர அரசு செய்துகொண்டது; ஏற்கெனவே வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தைக் கொண்டுவந்து பயன்படுத்துவது அதன் வழி. தேசியத் திட்டமோ, எட்டு ஆண்டுகளுக்குள் 50 முதல் 1,000 கியூபிட் வரையிலான கணினிகளை இங்கேயே உருவாக்க முனைகிறது. 2020 பட்ஜெட்டில் ஐந்தாண்டுகளுக்கு 8,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட முயற்சி, 2023 ஏப்ரல் 19 அன்றுதான், 2030-31 வரைக்கும் 6,003.65 கோடி என்ற அளவில் அமைச்சரவை ஒப்புதலைப் பெற்றது. தொகை குறைந்ததைவிட இந்த மூன்றாண்டுத் தாமதமே பெரிய இழப்பு என்பேன். முனைவர் பட்டம் முடித்த இளைஞர்கள் கோப்பு நகரும்வரை காத்திருக்க மாட்டார்கள்.

தேசியத் திட்டத்துக்கான அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி நான்கு மையங்களின் வழியே செல்கிறது. கணினிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தகவல் தொடர்புக்கு சி-டாட் என்னும் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்புடன் சென்னை ஐஐடி, உணர்விகளுக்கு (சென்சார்) மும்பை ஐஐடி, பொருள்களுக்கும் கருவிகளுக்கும் டெல்லி ஐஐடி. பல நிறுவனங்களின் ஆய்வாளர்கள் குழுக்களாக இவற்றோடு இணைகிறார்கள். நிதியை எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்தால் என்ன என்று கேட்கலாம். மின்தடையின்றி மின்சாரம் பாயும் பொருள்களால் ஆன மீகடத்திக் கியூபிட்டுகள் மைனஸ் 273 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில்தான் இயங்கும். தங்க முலாம் பூசிய செப்புத் தட்டுகள் அடுக்கடுக்காகத் தொங்க, அவற்றினூடே கம்பிகள் நெருக்கமாக இறங்கும் அந்தக் குளிரூட்டிக்கு, எளிதில் கிடைக்காத ஹீலியம்-3 வாயுவும் வேண்டும். இப்படிப்பட்ட கருவிக்கான பணத்தைச் சிதறவிட்டால் எந்த ஊரிலும் ஓர் இயந்திரமும் முழுமையாகாது. ஆட்களுக்கான பணம் அப்படியல்ல. அது பரவலாகச் செல்ல வேண்டும்.

தங்கள் கல்லூரிக்கு இடம் அங்கேதான் இருக்கிறது. கியூபிட்டுகளில் நேரும் பிழைகளைத் திருத்துதல், கணக்கிடும் வழிமுறைகளை (அல்காரிதம்) வடிவமைத்தல் போன்ற ஆய்வுகளுக்குக் குளிரூட்டி தேவையில்லை, இணையவழி அணுகலே போதும். சித்தூரிலிருந்து பெங்களூரு, சென்னை இரண்டுமே சில மணி நேரப் பயணம்தான் என்பதால், தனியே விண்ணப்பிப்பதைவிட அங்குள்ள குழு ஒன்றில் துணை ஆய்வாளராகச் சேர முயலுங்கள். சேரும்போது, மாணவர் உதவித்தொகையும் பயணச் செலவும் தங்கள் கல்லூரியின் பெயரில் தனித் தலைப்பில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கும், பணம் முதன்மை நிறுவனத்தோடு நின்றுவிடும்.