மருத்துவ ஆய்வுப் பணி எனக்கு ஏற்றதா? உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மருந்துகளும் சிகிச்சைகளும் எப்படிப் பலன் தருகின்றன என்று மனிதர்களின் சம்மதத்தோடு அவர்களிடம் ஆராய்வதுதான் மருத்துவ ஆய்வு. சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுப் பிரிவில் 14 ஆண்டுகளாக ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிக் கொடுத்து, அவற்றின் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (செங்காங், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி): அக்கா, உயிர்மருத்துவ அறிவியலில் பட்டயம் முடிக்கப் போகிறேன். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வது எனக்கு மிகவும் பிடிக்கும். மருத்துவ ஆய்வுக்கு வரலாமா?

பதில்: வரலாம், ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக வர வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் உங்கள் எதிரே இருப்பது குப்பியும் கருவியும். இங்கே இருப்பது, வெறும் வயிற்றோடு காலை எட்டு மணிக்கு வந்து, வேலைக்கு நேரமாகிறதே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். அவரிடம் நலம் விசாரித்து, சென்ற முறை கொடுத்த மாத்திரைகளில் எத்தனை மிச்சம் என்று எண்ணி, ரத்தம் எடுத்த நேரத்தை நிமிடம் தவறாமல் குறித்து, அந்த மாதிரியைக் குறித்த நேரத்துக்குள் உறைநிலைப் பெட்டியில் சேர்த்துவிட்டு, பிறகு நாளின் பெரும்பகுதியை எழுத்து வேலையில் கழிப்பீர்கள்.

அந்த எழுத்துக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். என் இரண்டாம் ஆண்டில், ரத்தம் எடுத்த நேரத்தைக் குறிக்க மறந்து, மாலையில் நினைவை வைத்து 9.15 என்று எழுதிவிட்டேன். இரவெல்லாம் அது உறுத்தியது. மறுநாள் தலைமை ஆய்வாளரான மருத்துவரிடம் போய், அந்த நேரம் என் ஊகம்தான் என்று சொன்னேன். அது விதிமீறலாகப் பதிவாயிற்று. கடிந்துகொண்டார்கள், வேலை போகவில்லை. மறைத்திருந்தால், அந்த மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற கணக்கில் என் பொய்யும் சேர்ந்திருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதும் மனம் உங்களுக்கு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட், ஆறு ஆண்டு அனுபவமுள்ள தாதி): இரவுப் பணி இல்லை என்பதற்காகவே ஆய்வுத் தாதியாக மாற நினைக்கிறேன். நோயாளிகளோடு இருக்கும் நெருக்கம் போய்விடுமா?

பதில்: போகாது, சிலரை ஆண்டுக்கணக்கில் சந்திப்பீர்கள். உறவின் தன்மைதான் மாறும். வார்டில் நீங்கள் செய்வதெல்லாம் எதிரே இருப்பவரின் நலனுக்காகவே. ஆய்விலோ, அவருக்குப் பயன் கிடைக்காமலே போகலாம் என்பதை அவரிடமே விளங்கச் சொல்ல வேண்டியவர் நீங்கள். டாக்டர் சொன்னால் சரிதான் என்று ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட வரும் நம் பெரியவர்களை நிறுத்தி, “விருப்பமில்லை என்றால் மறுத்துவிடலாம், உங்கள் சிகிச்சை அப்படியே தொடரும்” என்று சொல்வது இந்தப் பணியின் உயிர்நாடி.

இதில் தமிழறிந்தவர்களின் தேவை பெரிது. மருந்துச் சத்து இல்லாத ஒப்பீட்டு மாத்திரையை ‘போலி மருந்து’ என்று மொழிபெயர்த்திருந்த படிவத்தைப் பார்த்த ஒரு முதியவர், மருத்துவமனையே கள்ள மருந்து தருமா என்று திகைத்துப்போனார். ‘சோதனை’ என்ற சொல்லைக் கேட்ட ஒரு பாட்டி, “கடவுள் கொடுத்த சோதனையே போதும் அம்மா” என்று எழுந்துவிட்டார். அன்று முதல் நான் ‘ஆய்வு’ என்றும் ‘மருந்தில்லா மாத்திரை’ என்றும்தான் சொல்கிறேன். பங்கேற்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் அந்த உரையாடல் முழுவதும் உடனிருக்க வேண்டும்.

இரவுப் பணி பெரும்பாலும் இல்லை என்பது உண்மை. ஆனால், பங்கேற்பாளர் எதிர்பாராமல் மருத்துவமனையில் சேர்ந்தார் என்று தெரிந்தால், பொதுவாக 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கு அறிக்கை போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை என்று அது பார்க்காது.

கேள்வி (உட்லண்ட்ஸ், ஒரு தந்தை): மகள் இந்த வேலைக்குப் போக விரும்புகிறாள். மனிதர்களை எலிகளாக்கும் வேலை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களே?

பதில்: ஐயா, அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. நாஜி முகாம்களில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகுதான், மனிதர்களிடம் ஆய்வு நடத்துவதற்கான நெறிகளை வகுத்த நியூரம்பெர்க் நெறிகள் 1947இலும், ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இலும் வந்தன. இன்று சிங்கப்பூரில் நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒருவரைக்கூட ஆய்வில் சேர்க்க முடியாது. புதிய மருந்தானால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். மனித உயிர்மருத்துவ ஆய்வுக்கெனத் தனிச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டது.

சொந்தக்காரர்களிடம் சென்னையைப் பற்றியும் சொல்லுங்கள். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது; வீட்டாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவு, காசநோயாளியை மாதக்கணக்கில் குடும்பத்திலிருந்து பிரித்துவைக்கும் வழக்கத்தை உலகெங்கும் மாற்றியது. ஆய்வுக்கு இசைந்த எளிய சென்னை மக்களுக்கு நாம் பட்ட கடன் அது.

கேள்வி (மதுரை, பி.பார்ம் பட்டதாரி): அக்கா, மருத்துவ ஆய்வுச் சான்றிதழ் படிப்புக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். முடித்தால் சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா?

பதில்: அந்தச் சான்றிதழை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள், தம்பி. ஆய்வை முறையாக நடத்தும் விதிகளைச் சொல்லித்தரும், எல்லாரும் முடித்திருக்க வேண்டிய நற்செயல்முறைப் பயிற்சியைச் (Good Clinical Practice) சில மணி நேரத்தில் இணையவழியிலேயே, பல இடங்களில் இலவசமாகவும், முடித்துவிடலாம். வெளிநாட்டுப் பட்டதாரிகள் சிங்கப்பூரில் வேலை செய்யப் பெறும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற அனுமதிக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்ந்தது. வயது கூடக்கூட அதுவும் கூடும். புதிதாக வருபவருக்கு அந்தச் சம்பளம் கிடைப்பது அரிது. முதலில் இந்தியாவிலேயே ஒரு மருத்துவமனையிலோ ஆய்வு நிறுவனத்திலோ இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றுங்கள்.

கேள்வி (ஈசூன், 43 வயது): பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டேன். இந்த வயதில் தொடங்கலாமா? எனக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். ஒருங்கிணைப்பாளர் வேலைகள் பல, ஆய்வு நிதியைப் பொறுத்து ஓரிரு ஆண்டு ஒப்பந்தமாகவே வருவதால், அடுத்த ஒப்பந்தம் வரை குடும்பச் செலவு தாங்குமா என்று மட்டும் கணக்குப் பாருங்கள். சேரும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவருக்கு இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில் ரத்த அழுத்தம் எடுத்து, நேரத்தோடு உடனுக்குடன் எழுதுங்கள்; தவறிய நாளை வெற்றிடமாகவே விட்டு, தவறிய காரணத்தைக் குறியுங்கள். பதினான்காம் நாளிலும் அதில் உங்களுக்கு அக்கறை குறையாமல் இருந்தால் விண்ணப்பியுங்கள்.