பொத்தானை யார் அழுத்துவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிய தயாரிப்புகளை உருவாக்கும் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். எட்டுப் பேரில் மூவர் பெண்கள். யோசனைகளை எல்லோருமே சொல்கிறோம். ஆனால் முன்மாதிரி செய்து பார்க்கப் பணமும் நேரமும் கிடைப்பது பெரும்பாலும் ஆண்கள் சொன்னவற்றுக்குத்தான். கூட்டக் குறிப்பு எழுதுவது, மற்ற துறைகளிடம் பேசி அனுமதி வாங்குவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை சொல்லித்தருவது எல்லாம் எங்கள் தலையில். மேலாளரிடம் கேட்டால், "நீங்கள் இன்னும் அழுத்தமாகப் பேசவேண்டும்" என்கிறார். நல்ல மனிதர்தான். அவர் சொல்வது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சரியில்லை. அடக்கிப் பேசினால் தன்னம்பிக்கை போதாது என்பார்கள், அழுத்திப் பேசினால் திமிர் என்பார்கள். அந்த அறிவுரையை ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது குறிப்பு எழுதுகிற விஷயம்.

லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத மூவர் ஒரு குழு. தனித்தனிக் கணினி, இரண்டு நிமிட அவகாசம். யாராவது ஒருவர் திரையில் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தியவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் தலா 2 டாலர். யாருமே அழுத்தாவிட்டால் ஆளுக்கு 1 டாலர்தான். ஆக, எல்லோரும் கடைசி நொடி வரை அடுத்தவர் அழுத்தட்டும் என்று காத்திருப்பார்கள். ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில், பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக அழுத்தினார்கள்.

பெண்களின் இயல்பே அப்படி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று குழு அமைத்தபோது இந்த வித்தியாசமே காணாமல் போனது. ஆண்கள் மட்டும் இருந்த அறையில் ஆண்களே அழுத்தினார்கள். பெண் இருக்கும் இடத்தில் அவள் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அவள் உட்பட. அப்புறம், யாரிடம் இந்த வேலையைக் கேட்பது என்று ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தபோது, கேட்டவர் ஆணோ பெண்ணோ, பெண்களிடமே அதிகம் கேட்டார்கள். உங்கள் மேலாளர் நல்லவராக இருந்தும் நிலைமை மாறாததற்குக் காரணம் இதுதான்.

புதுமை செய்கிற இடத்தில் இதன் விலை கூடுதல். வழக்கமான வேலையை ஒருமணிநேரம் குறைந்தாலும் எப்படியோ முடித்துவிடலாம். செய்து பார்க்காத யோசனையோ வெறும் பேச்சு. 1965இல் டூபாண்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற பெண் வேதியியலாளர் தயாரித்த கரைசல் நீர்த்து, கலங்கலாக இருந்தது. நூற்கும் கருவியின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று அதை இயக்குபவர் முதலில் மறுத்தார். மறுத்தது குவோலெக் பெண் என்பதாலா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. குவோலெக் விடாமல் கேட்டு, கருவியில் ஓட்டிப் பார்த்ததால்தான், குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் இழை கிடைத்தது.

கேள்விகளும் ஒரே மாதிரி வருவதில்லை. முதலீட்டாளர்கள் முன்னால் தொழில்முனைவோர் பேசும் போட்டி ஒன்றை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. ஆண்களிடம் பெரும்பாலும் எப்படி வளர்வீர்கள் என்று கேட்டார்கள், பெண்களிடம் நஷ்டத்தை எப்படித் தவிர்ப்பீர்கள் என்று. கேட்டவர்களில் பெண் முதலீட்டாளர்களும் உண்டு. தற்காப்புக் கேள்விக்கு வளர்ச்சியைச் சொல்லிப் பதிலளித்தவர்களுக்கு, தற்காப்பாகவே பேசியவர்களைவிட அதிகப் பணம் கிடைத்தது. இதை நீங்கள் நாளைக்கே முயன்று பார்க்கலாம். ஆனால் தவறான கேள்வியைச் சமாளிக்கும் சாமர்த்தியமும் உங்கள் பொறுப்புதானா என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மேலாளரிடம் இரண்டு விஷயங்கள் கேளுங்கள். "யார் செய்கிறீர்கள்?" என்று அறையைப் பார்த்துக் கேட்பதை நிறுத்திவிட்டு, குறிப்பு எழுதும் வேலையை அகரவரிசைப்படி எட்டுப் பேருக்கும் சுற்றில் விடச் சொல்லுங்கள். அடுத்து, போன வருடம் முன்மாதிரிக்கு ஒதுக்கிய மணிநேரங்களைப் பெயர்வாரியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் யாரும் அப்படிக் கணக்கு எடுத்திருக்க மாட்டார்கள். வந்த பட்டியலைப் பார்த்தபிறகு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.